கப்பலேறிய மானம்

காலை ஏழு இருபது.

டைனிங் ஹாலில் ஆம்லெட்டுக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த அலறல்!

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

மேல் தளத்திலிருந்து... ஒரு பெண்ணின் குரல்!

மேனேஜர் கையிலிருந்த காபிக் கோப்பையை யாருடைய மேஜை என்றுகூடப் பார்க்காமல் வைத்துவிட்டு ஓடினார். படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். அந்த ஆற்றுக் கப்பலில் அவருக்கு இது நாலாவது சீசன். இதுவரை அவர் கேட்ட பெரிய அலறல், ஷவரில் வெந்நீர் வரவில்லை என்பதுதான்.

கேபின் 214. கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே... பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அந்தப் பெண்மணி. வயது ஐம்பத்தெட்டு. பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கப்பலில் ஏறிய மூன்றே நாளில் கேப்டனிலிருந்து க்ளீனர் வரை எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'.

"என்ன டீச்சர்? என்ன ஆச்சு?"

"அவரைக் காணோம்!"

"பாத்ரூம்ல..."

"பாத்துட்டேன்! எழுந்து பாத்தா பக்கத்துல ஆள் இல்ல. பால்கனிக் கதவு திறந்திருக்கு. இதோ... இது மட்டும்..."

அவள் விரல் காட்டிய இடத்தில்...

ஒற்றைச் செருப்பு!

வலது கால். பழுப்புத் தோல். இடது கால் செருப்பு எங்கே?

கீழே ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது.

மேனேஜர் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை உருவினார்.

"கேப்டன்! கப்பலை நிறுத்துங்க... ஆள் தண்ணில விழுந்திருக்கார்!"

"எப்போ?"

"தெரியல!"

"எங்கே?"

"அதுவும் தெரியல!"

"வேற என்னய்யா தெரியும்?"

"செருப்பு சைஸ் ஒன்பதுன்னு தெரியும் சார்!"

பதற்றத்தில் அவருக்கு அதுதான் வாயில் வந்தது.

அடுத்த கேபினிலிருந்து அக்கா ஓடி வந்தாள். பின்னால் அத்தான், ஒரு பக்கம் மட்டும் ஷேவ் செய்த முகத்தோடு.

"என்னடி? என்னடி ஆச்சு?"

டீச்சர் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதை அக்கா கவனிக்கவில்லை.

இந்தப் பயணமே அக்காவின் ஏற்பாடுதான்.

"கடல் கப்பல் எல்லாம் பழசாயிடுச்சுடி! இப்போ எல்லாரும் ஆறுதான். அலை இல்ல, வாந்தி இல்ல. பெட்டியை ஒரே தடவை பிரிச்சாப் போதும். அப்புறம் ஊருங்கதான் நம்ம ஜன்னலைத் தேடி வரும். எங்க அபார்ட்மென்ட்ல போகாதவ நான் ஒருத்திதான்... லிஃப்ட்ல ஏறவே கூச்சமா இருக்கு!"

டீச்சரின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். தெருமுனைக்குக் கூப்பிட்டாலே முழங்கால் வலி என்பார். இந்தப் பயணத்துக்கு மட்டும் உடனே தலையாட்டினார்.

இப்போது அவர் இல்லை.

* * *

ஒன்பது மணிக்கு ஆற்றுப் போலீஸ் படகு வந்து கப்பலோடு ஒட்டிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் ஏறினாள். நாற்பது வயது. அதிகம் பேசாதவள். அவளுக்கும் சேர்த்துப் பேசுகிற கான்ஸ்டபிள் பின்னால்.

"மேடம், இந்த சீசன்ல மட்டும் இந்த ஆத்துல பதினோரு கப்பல் புதுசா விட்டிருக்காங்க. நம்மகிட்ட அதே ஒரே ஒரு படகு. அதுவும் தள்ளிவிட்டாத்தான் கிளம்புது..."

"தலைல தொப்பியை வைங்க முதல்ல."

"சரிங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து சாயங்காலம் ஊருக்குள்ள போயிருந்தாங்களா?"

"எல்லாரும் போனாங்க மேடம். அதுதானே ஆத்துக் கப்பல்ல விசேஷமே! தினம் ஒரு ஊர். பலகையில நாலு அடி நடந்தா கடைத்தெரு! துறைமுகம், டாக்ஸி, ஒரு தொல்லையும் கிடையாது. அதனாலதான் அடுத்த வருஷம் வரைக்கும் புக்கிங்..."

"அவர் திரும்பி வந்தாரா?"

"வந்தார் மேடம். ஆளுக்கு ஒரு கார்டு குடுத்திருக்கோம். போறப்பவும் வர்றப்பவும் வாசல்ல மெஷின்ல தட்டணும். இதோ பாருங்க... அஞ்சு நாப்பத்தெட்டுக்கு அவர் கார்டு உள்ள வந்திருக்கு. ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம் எங்கயும் நிக்கல."

"வாசல்ல கேமரா?"

"இருக்கு. ஆனா நேத்து கொட்டற மழை. வரிசையா குடைதான் தெரியுது."

"அப்போ அவர் கப்பல்ல இருக்கணும். இல்லைன்னா தண்ணில இருக்கணும்."

"கப்பல்ல இல்ல மேடம்... கொதிகலன் ரூம் வரைக்கும் பாத்தாச்சு."

டீச்சர் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"ராத்திரி... படுக்கறப்போ."

"சாப்பாட்டுக்கு அவர் வரலையாமே?"

"தலைவலின்னார்."

"பால்கனிக்கு எதுக்குப் போயிருப்பார்?"

"காத்து வாங்க... அவருக்கு அடிக்கடி தலை சுத்தும். தவறி விழுந்திருப்பார் மேடம். தவறித்தான் விழுந்திருப்பார்."

இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் தரையைப் பார்த்தே சொன்னாள்.

"மேடம்!"

கான்ஸ்டபிள் வாசலில். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள்... ஒரு கைக்கடிகாரம்!

"ஊழியர்களோட லாக்கரை எல்லாம் சோதனை போட்டோம். ஒண்ணுல இது இருந்துச்சு. பின்பக்கம் பாருங்க... கண்ணாடிக் கடையோட பேர் பொறிச்சிருக்கு."

"என் வீட்டுக்காரரோடது..." டீச்சரின் குரல் கீச்சிட்டது. "இது எப்படி..."

"யார் லாக்கர்?"

"இந்த வரிசை ரூமுக்கெல்லாம் படுக்கை விரிக்கறவர் மேடம். டவல் அண்ணன்!"

* * *

டவல் அண்ணனுக்கு வயது நாற்பத்தைந்து. நாலு டவலைக் கொடுத்தால் அன்னம், யானை, குரங்கு என்று எதையாவது மடித்துக் கட்டிலில் உட்கார வைத்துவிடுவார். அதனால் அந்தப் பெயர். முதல் நாள் டீச்சரின் கட்டிலில் இரண்டு அன்னங்களை மூக்கோடு மூக்கு வைத்து, 'முப்பது வருஷ ஜோடிக்கு' என்று சீட்டு எழுதி வைத்தவரும் அவர்தான்.

இப்போது அவர் கையில் ஒரு டவல் கசங்கிக்கொண்டிருந்தது.

"அவரே குடுத்தார் மேடம்! நேத்து காலைல. 'எனக்கு எதுக்குய்யா இனிமே, நீ கட்டிக்கோ'ன்னார். வேணாம் சார்னேன். பாக்கெட்டுல திணிச்சுட்டார்."

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல மேடம்."

எதிர் கேபின் பல் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு சொல்லணும். நேத்து மத்தியானம், டீச்சர் சாப்பிடப் போயிருந்தப்போ, 214-லிருந்து சத்தம் கேட்டுது. 'என் வாட்சை எடுத்தியாடா? உன்னை சும்மா விடமாட்டேன்!'னு அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் கத்தினார்."

"உண்மையா?"

"உண்மைதான் மேடம்... அவர் எதுக்குக் கத்தினார்னு எனக்கே புரியல. அவர் குடுத்த வாட்சையே திருடினேன்னார்! உடனே எடுத்துட்டு ஓடினேன். வாங்கிக்கல. மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டார்."

"ஏன் மேனேஜர்கிட்ட சொல்லல?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

கான்ஸ்டபிள் உதட்டைப் பிதுக்கினார்.

"கதை கோர்வையா இல்லையே அண்ணே!"

"கதை இல்லைங்க... நடந்தது!"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள்.

க்ளிக்!

விலங்கு விழுந்தது.

நடையின் இரு பக்கமும் பயணிகள். ஒவ்வொரு கையிலும் செல்போன். ஒவ்வொரு செல்போனும் அவர் முகத்துக்கு நேராக. டவல் அண்ணன் தோளால் முகத்தை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

214-ஐத் தாண்டும்போது நின்றார்.

"டீச்சர்... மூணு நாளா என்னைப் பாக்கறீங்களே! நீங்களாவது சொல்லுங்க. நான் அப்படிப்பட்டவனா?"

டீச்சர் வாயைத் திறந்தாள்.

மூடினாள்.

தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏனென்றால்... அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அந்தக் கப்பலில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்!

* * *

முந்தின நாள் சாயங்காலம். மழை.

படகுத்துறையில் எல்லோரும் கப்பலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் நின்றுவிட்டார். பூட்ஸ் காலோடு, தோளில் ஒரு பையோடு.

"என்னங்க... வாங்க! கிளம்பப் போறாங்க."

"நீ போ. நான் வரல."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. இனிமே உன்னோட வாழ முடியாது. அவ்வளவுதான். இந்தா என் கார்டு."

"என்னங்க சொல்றீங்க? வேற... வேற யாராவது..."

"இருக்கா. உன்னைவிடச் சின்னவ. போதுமா? போ... போய் உன் அக்காகிட்ட சொல்லு! ஊரெல்லாம் சொல்லு!"

அவர் கையை நீட்டிக் கார்டை அவள் உள்ளங்கையில் அழுத்தினார். அப்போது அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். வாட்ச் இல்லை. வெள்ளைத் தடம் மட்டும்.

கும்பிட்டாள். கெஞ்சினாள். நடு மழையில், ஐம்பத்தெட்டு வயதில், ஒரு ஆணின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் உதறிவிட்டுப் போயே போய்விட்டார்.

மேல் தளத்தில் குடைக்குள்ளிருந்து அக்கா கையை ஆட்டினாள்.

"சீக்கிரம் வாடி! நனையாதே! உன் வீட்டுக்காரர் எங்கே?"

"முன்னாடியே ஏறிட்டார்க்கா!"

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக விழுந்தது. விழுந்த பிறகு அள்ள முடியவில்லை.

மெஷினில் தன் கார்டைத் தட்டினாள். அடுத்து அவர் கார்டையும் தட்டினாள். குடைகளும் குடைகளும் இடித்துக்கொண்டிருந்தன. ஒருவரும் பார்க்கவில்லை.

விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். முப்பது வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்குத் தையலோடு சேர்த்து ஒழுக்கமும் சொல்லிக் கொடுத்தவள். பேத்தி எடுக்கிற வயதில் புருஷன் விட்டுவிட்டு ஓடினான் என்றால்...

செத்தால் அனுதாபம். ஓடினால் சிரிப்பு!

அவர் அறையில் விட்டுப்போயிருந்த செருப்பில் ஒன்றை எடுத்து ஆற்றில் போட்டாள்.

பிறகு அலறினாள்.

யார் தலையிலும் பழி விழும் என்று அவள் நினைக்கவே இல்லை. விபத்து என்று எழுதுவார்கள். நாலு பேர் அழுவார்கள். முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

* * *

"குடிடி. ஒரு வாய் குடி."

அக்கா காபியை ஊதி ஊதி நீட்டினாள். சின்ன வயதிலிருந்து போட்டி போட்டே வளர்ந்தவர்கள் இருவரும். யாருக்கு நல்ல பாவாடை, யாருக்கு நல்ல மார்க், யாருக்கு நல்ல மாப்பிள்ளை... இன்று அக்காவின் கையில் போட்டி இல்லை. நிஜமான பாசம் இருந்தது. அது டீச்சருக்கு முள்ளாகக் குத்தியது.

"உனக்கு நான் இருக்கேன். இனிமே எங்க வீட்லதான் நீ இருக்கணும். அந்தப் பாவியைத் தூக்குல தொங்க விடாம நான் ஓயமாட்டேன்!"

"யாரை?"

"அந்த டவல்காரனைத்தான்!"

"தூக்கா?"

"பின்னே? வாட்சுக்காக ஒரு மனுஷனைத் தள்ளி விட்டவனுக்கு மாலையா போடுவாங்க?"

டீச்சர் எழுந்தாள்.

"எங்கேடி?"

"கொஞ்சம் காத்து வேணும்க்கா."

வெளியே தளத்தில், பெஞ்சோடு சேர்த்து விலங்கிடப்பட்டு உட்கார்ந்திருந்தார் டவல் அண்ணன். கான்ஸ்டபிள் கையில் அவருடைய செல்போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆறாவது தடவை அடிக்குது. பொண்ணுன்னு வருது. பேசறியா? ஸ்பீக்கர்லதான் போடுவேன்."

"போடுங்க சார்..."

"அப்பா!" சின்னக் குரல். மூச்சு வாங்கியது. "அப்பா, எங்க க்ளாஸ் வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு வீடியோ வந்திருக்கு. கைல விலங்கு போட்டு... கொலைகாரன்னு எழுதியிருக்காங்க. அது நீயாப்பா?"

"இல்லம்மா... ஆமா, அது நான்தான். ஆனா அது நான் இல்லம்மா..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கான்ஸ்டபிளும் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் அங்கேயே நின்றாள். காது இரண்டும் தீப்பற்றியதுபோல் எரிந்தது. தன் மானத்துக்குப் போட்ட போர்வை இன்னொருவனின் தோலை உரித்துத் தைத்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பினாள். படியிறங்கினாள். நேராக டைனிங் ஹால்!

அங்கே இன்ஸ்பெக்டர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நூறு பேருக்கு மேல். டீச்சரைக் கண்டதும் பேச்சு அடங்கியது. யாரோ பரிதாபமாக நாற்காலியை நகர்த்தினார்கள்.

"உக்காருங்க டீச்சர்..."

"வேணாம். நின்னுட்டே சொல்றேன். எல்லாரும் போனை எடுங்க."

"என்ன?"

"அவரை எடுத்தீங்க இல்ல? இப்போ என்னை எடுங்க!"

மேனேஜர் ஓடி வந்தார்.

"டீச்சர், எதுவா இருந்தாலும் ரூம்ல போய்ப் பேசிக்கலாமே... கப்பல் பேரு..."

"அவரை எல்லார் முன்னாடியும்தானே இழுத்துட்டுப் போனீங்க?"

மேனேஜர் ஒதுங்கிக்கொண்டார். ஒரு போன் எழுந்தது. இரண்டு... பத்து... 

டீச்சர் போன்களுக்கு நேராகத் திரும்பினாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் சாகல. தண்ணில விழல. நேத்து அந்த ஊர்ல இறங்கினவர் திரும்ப ஏறவே இல்ல. வேற ஒருத்தி இருக்காளாம்... என்னை வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவர் கார்டை நான்தான் தட்டினேன். செருப்பை நான்தான் ஆத்துல போட்டேன். புருஷன் விட்டுட்டுப் போனவன்னு என் அக்கா முன்னாடி நிக்க எனக்குக் கூசிச்சு. அதுக்கு... அதுக்காக ஒரு நல்ல மனுஷனைக் கொலைகாரனாக்கிட்டேன். நேத்து படகுத்துறைலயே அவர் கைல வாட்ச் இல்ல. நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டும் சும்மா இருந்தேன்!"

யாரோ ஒருவர் போனைக் கீழே இறக்கினார்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ!

"என்கிட்ட சொல்லக் கூசிச்சா?" அக்காவின் குரல் உடைந்தது. "என்கிட்டயா? அவ்வளவு கேவலமாவாடி நான் இருந்தேன்?"

டீச்சர் அக்காவின் கண்ணைப் பார்க்க முடியாமல் மேஜை விரிப்பைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த தாளைக் குறுக்கே கிழித்தாள்.

"கான்ஸ்டபிள்! விலங்கைக் கழட்டுங்க."

பிறகு டீச்சரிடம் வந்தாள்.

"பொய்ப் புகார். உங்க மேல கேஸ் வரும் டீச்சர்."

"வரட்டும் மேடம். கையெழுத்து எங்கே போடணும்?"

"அது அப்புறம். எனக்கு ஒரு விஷயம் இடிக்குது. ஓடறவன் எதுக்கு ஒரு அப்பாவிகிட்ட வாட்சைக் குடுத்துட்டு, அப்புறம் எதிர் ரூமுக்குக் கேக்கற மாதிரி கத்தணும்? நேத்து அவர் கையில என்ன இருந்துச்சு?"

"ஒரு தோள்பை."

"கனமா?"

டீச்சர் கண்ணை மூடி யோசித்தாள்.

"என்னை உதறினப்போகூட ஒரு கையாலதான் உதறினார். இன்னொரு கை பையை விடவே இல்ல..."

"எல்லாரும் உங்க உங்க கேபின் லாக்கரைத் திறந்து பாருங்க! இப்பவே!"

நாற்காலிகள் உருண்டன. நூறு பேர் படியேறி ஓடினார்கள்.

இரண்டு நிமிஷம்.

அன்றைய இரண்டாவது அலறல்!

இந்தத் தடவை 216. அக்கா!

"என் வைர மாலை! வளையல்! அவரோட அம்மா குடுத்த செட்டு! ஒண்ணுமே இல்லடி... ஒண்ணுமே இல்ல!"

இன்ஸ்பெக்டர் காலி லாக்கரைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"நம்பர் யாருக்குத் தெரியும்?"

அத்தான் பாதி ஷேவ் முகத்தைத் தடவினார்.

"எனக்கே மறந்து போகும்னு... முதல் நாள் சகலைதான் நம்பர் செட் பண்ணிக் குடுத்தான்."

"இந்த நகையை எப்போ போடறதா இருந்தீங்க?"

"ஏழாம் நாள்." அக்கா விசும்பினாள். "கடைசி நாள் கேப்டனோட விருந்து. அதுவரைக்கும் திறக்கவே வேணாம்னு அந்த மனுஷன்தான் சொன்னார்!"

இன்ஸ்பெக்டர் முதல்முறையாக நீளமாகப் பேசினாள்.

"ஏழாம் நாள் நீங்க திறப்பீங்க. நகை இருக்காது. அப்போ அவர் செத்து நாலு நாள் ஆயிருக்கும். செத்தவரை யார் தேடுவாங்க? பழி யார் தலைல விழும்? ஏற்கெனவே வாட்ச் திருடினவர்னு உள்ள போன டவல் அண்ணன் தலைல! அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் தேவைப்பட்டுது. அவரைச் சாகடிக்கறதுக்கு."

டீச்சரின் முகம் வெளுத்தது.

"நானா..."

"சின்னவ ஒருத்தி இருக்கான்னு சொன்னதே உங்களைக் கூனிக் குறுக வைக்கத்தான் இருக்கும். 'போய் உன் அக்காகிட்ட சொல்லு'ன்னா நீங்க சொல்லவே மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும். முப்பது வருஷம் கூட இருந்திருக்காரே!"

"என் வெக்கத்தை வெச்சே... பிளான் போட்டிருக்காரா மேடம்?"

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். செல்போனை எடுத்து நேற்றைய ஊர் ஸ்டேஷனைக் கூப்பிட்டாள்.

* * *

மத்தியானம் ஒன்று நாற்பது.

கான்ஸ்டபிள் ஓடி வந்தார். முகம் முழுக்கப் பல்.

"மேடம்! ஆள் சிக்கிட்டான்! பையோட, நகையோட!"

"எங்கே? பஸ் ஸ்டாண்டா?"

"அதே படகுத்துறைல மேடம்! எதிர்த்திசைல போற இன்னொரு ஆத்துக் கப்பல்ல ஏறிட்டா, தினம் ஒரு ஊரா இறங்கி ஏறி எல்லை தாண்டிடலாம், ஒருத்தனும் கேக்கமாட்டான்னு கணக்கு. ஆனா பாருங்க... கப்பல் ஃபுல்! வெயிட்டிங் லிஸ்ட்ல மூணாவது ஆளா பெஞ்ச்ல உக்காந்திருந்தானாம். ரெண்டு வருஷம் முன்னாடின்னா காலி ரூம் கெஞ்சிட்டு இருக்கும். அள்ளிட்டுப் போயிருப்பான்!"

மேனேஜருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நான்தான் சொன்னேனே மேடம்... அடுத்த வருஷம் வரைக்கும் புக்கிங்..."

"நீங்க வாயை மூடுங்க சார்."

டீச்சர் அங்கே இல்லை. மேல் தளத்துப் பெஞ்சின் எதிரில் நின்றிருந்தாள். டவல் அண்ணன் சிவந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி... உங்க கால்ல விழணும்னாலும் விழறேன்."

"வேணாம் டீச்சர்."

"மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கும் இப்போ வரல." அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "காலைல நான் கேட்டப்போ தலையைக் குனிஞ்சுட்டீங்க பாருங்க... விலங்கைவிட அதுதான் டீச்சர் வலிச்சுது."

அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

அவர் செல்போனை நீட்டினார்.

"என் பொண்ணு லைன்ல இருக்கா. நான் சொன்னா அப்பா சமாளிக்கறார்னு நினைப்பா. நீங்க பேசுங்க."

டீச்சர் போனை இரண்டு கையாலும் வாங்கினாள். காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போது வந்தது.

"பாப்பா... நான் ஒரு டீச்சர் பேசறேன்மா. உங்க அப்பா தப்பு எதுவும் பண்ணல. தப்புப் பண்ணினது நான். உன் க்ளாஸ்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடும்மா... திரும்பச் சொல்றேன்."

திரும்பச் சொன்னாள். மூன்று தடவை சொன்னாள்.

* * *

டீச்சரின் கணவரை ரோட்டு வழியாக ஜீப்பில் கரை வரை கொண்டுவந்து, நாலு மணிக்குப் போலீஸ் படகில் ஏற்றி வந்தார்கள். நகையை அடையாளம் காட்ட அக்கா, ஆளை அடையாளம் காட்ட டீச்சர்.

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியை முறைத்தார்.

"உன்னை நம்பினேன்டி! உயிரே போனாலும் நீ வெளிய சொல்லமாட்டேன்னு நம்பினேன்..."

"அடையாளம் தெரியுதாம்மா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"முப்பது வருஷமாத் தெரியலை மேடம். இன்னைக்குத்தான் நல்லாத் தெரியுது."

கையெழுத்துப் போட்டாள். அவர் மேல் உள்ள புகாரில் ஒன்று. தன் மேல் உள்ள புகாரில் ஒன்று.

படகு அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கப்பல் கம்பியைப் பிடித்தபடி அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் யாரோ ஒருவர் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டுதான் இருந்தார். டீச்சர் முகத்தை மறைக்கவில்லை.

படகு வளைவில் மறைந்ததும் அக்கா மெதுவாகத் தங்கையின் கையைப் பிடித்தாள்.

"ஆறே வேணாம்டி. அடுத்த வருஷம் எங்கயாவது மலைக்குப் போலாம்."

டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போலாம்க்கா. அதுக்குள்ள அவருக்கு ஜாமீன் கிடைச்சா அவரையும் கூட்டிட்டுப் போலாம்... மலைன்னா செருப்பு மட்டும் இல்ல, ஆளே விழலாம்!"